பன்னிரண்டு போத்தல்களும் ஒரு கிணறும்

எடியே,

இன்று காலை உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருத்தி அழுகிற முகத்தோடு வந்து என் முன்னால் கையை நீட்டினாள். நேற்றைய செய்முறையில் வெள்ளி நைத்திரேற்று பட்டு மூன்று விரல்கள் கறுத்துப்போயிருந்தன. சவர்க்காரம் போட்டு உரஞ்சிப் பார்த்தாளாம், தேசிக்காய் தேய்த்துப் பார்த்தாளாம், போகவில்லையாம். நாளை மறுநாள் தமக்கைக்குக் கலியாணமாம், படம் எடுப்பார்களாம். "தோல் உரியேக்க தானாப் போயிடும், பயப்பிடாதை" என்று சொல்லி அனுப்பினேன். அவள் போன பிறகும் அந்தக் கறுப்பு என் கண்ணை விட்டுப் போகவில்லை. உன் நினைவு வந்தது. கூடவே வயிற்றெரிச்சலும் வந்தது. செத்துப்போன ஒருத்தியில் பொறாமைப்படுகிற பெண்ணை நீ எங்கேயாவது கண்டிருக்கிறாயா? இதோ, உனக்குத்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

கல்லூரி மூன்றாம் வருடம் முழுவதும் உன் விரல்கள் கறுப்பாகவே இருந்தன. நீ அதை மறைக்கவுமில்லை, அதற்காக வெட்கப்படவுமில்லை. கன்ரீனில் ரோல்ஸ் பிடித்துத் தின்னும்போதும், பூசையில் கும்பிடும்போதும், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கும்போதும் அந்த விரல்கள் எனக்கு முன்னால் வந்து நிற்கும். ஊருக்கெல்லாம் காட்ட நீ மோதிரம் போட்டுக்கொண்டு திரிவதாகவே எனக்குத் தெரிந்தது. என் விரல்கள் வெள்ளையாக இருந்தன. எனக்கு அது தாங்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. வவுனியாவில் எங்கள் கல்லூரி வாடகை வீடுகளில் நடந்துகொண்டிருந்தது. குசினியாக இருந்த அறையைத்தான் இரசாயனக்கூடம் ஆக்கியிருந்தார்கள். தண்ணீர்க் குழாயும் கழுவுகிற தொட்டியும் அங்கேதான் இருந்தன. புகைக்கூட்டுக்குக் கீழே, முன்பு யாரோ சோறு வடித்த இடத்தில், சொட்டுச் சொட்டாய் அளந்து விடுகிற கண்ணாடிக் குழாய், கல்லூரியின் ஒரே நல்ல அளவி, நின்றது. மற்ற அளவிகள் எல்லாம் ஒழுகும். இரசாயனம் படிப்பித்த சேர் அதைத் தன் பிள்ளையைப்போல் பார்த்தார்.

அந்தச் சேர்தான் ஒருநாள் வகுப்பில் சொன்னார், செட்டிகுளம் பக்கத்துக் கிராமங்களின் கிணற்று நீரில் உப்பு எவ்வளவு, மாரிக்கும் கோடைக்கும் அது எப்படி மாறுகிறது என்று ஓர் ஆராய்ச்சி செய்யப்போவதாக. மாணவர்களில் ஒருவரைத்தான் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். பட்டம் பெறாத பிள்ளைகளை ஆராய்ச்சியில் சேர்ப்பது அங்கே அதுதான் முதல்தடவை. முழு வகுப்பும் திரும்பி என்னைப் பார்த்தது. நானும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடமும் முதலாவதாக வந்தவள் நான். சேர் உன் பெயரைச் சொன்னார்.

ஏன் உன்னை என்று எனக்குத் தெரியும். அதற்கு இரண்டு கிழமைக்கு முதல் சேர் ஐந்து கண்ணாடிக் குவளைகளில் ஐந்து கிணறுகளின் தண்ணீரை வைத்து, உப்புக் கூடுகிற ஒழுங்கில் இவற்றை அடுக்குவதென்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நான் எழுந்து அளவியால் உப்பை அளக்கிற நியமிப்பு முறையை முதல் படியிலிருந்து ஒப்புவித்தேன். நான் நிறம் காட்டியின் பெயருக்கு வருவதற்குள் நீ ஒவ்வொரு குவளையிலும் விரலை விட்டு நக்கி, மளமளவென்று ஐந்தையும் அடுக்கிவிட்டாய். ஆய்வுகூடத்தில் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்று நான் சத்தமாகவே சொன்னேன். யாரும் அதைக் கணக்கெடுக்கவில்லை. சேர் தன் கொப்பியைப் பார்த்தார், குவளைகளைப் பார்த்தார், பிறகு சிரித்தார்.

"எப்பிடிப் பிள்ளை?" என்று கேட்டார்.

"எங்கட ஊரில சின்னனில இருந்து இதுதானே சேர் வேலை. கிணத்தில நல்ல தண்ணியோ சவர்த் தண்ணியோ எண்டு நாக்குத்தான் சொல்லும்" என்றாய் நீ.

உன் ஊர் முல்லைத்தீவுக் கரை. அப்பாவுக்கு வள்ளம். இடம்பெயர்ந்து, இடம்பெயர்ந்து, கடைசியில் படிப்புக்காக நீ மட்டும் வவுனியாவுக்கு வந்து தங்கியிருந்தாய். வவுனியாவில் தங்குவதற்கான பாஸைப் புதுப்பிக்க வரிசையில் நிற்கிற நாள்களில் உனக்கு வகுப்புத் தவறும். அந்த நாள்களின் பாடத்தை என் கொப்பியைப் பார்த்துத்தான் எழுதுவாய். நானும் தருவேன், ஒற்றைத் தாளுக்கும் மூலை மடியக்கூடாது என்று சொல்லித் தருவேன். என் கொப்பியைப் பார்த்து எழுதியவளுக்கு அந்த இடம்! அன்று பின்னேரம் நீ ஓடிவந்து என் கையைப் பிடித்து, "எடி, எனக்குப் பயமாக் கிடக்கு" என்றபோது, உனக்கென்ன பயம் என்று சிரித்துவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு சேரிடம் போனேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"சேர், நானும் சேரலாமோ?"

"அதுக்கென்ன, அவவுக்கு உதவியாப் போம். இருபத்துநாலு கிணறு. ஒரு ஆளாலே ஏலாதுதானே" என்றார்.

உதவியாம். உன் போத்தல் பெட்டியைத் தூக்க ஓர் ஆள். பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன். அறிக்கையில் என் பெயரும் வரவேண்டும், அதுவும் உன் பெயருக்கு மேலே வரவேண்டும். அதற்கு உன்னை விடச் சுத்தமாக, உன்னை விட வேகமாகச் செய்து காட்டுவது என்று எனக்குள்ளே முடிவெடுத்தேன். இதை நீ ஒருநாளும் அறியவில்லை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

முதல் சனிக்கிழமை நினைவிருக்கிறதா? மன்னார் வீதி பஸ்ஸில் ஆளுக்குப் பன்னிரண்டு பிளாஸ்ரிக் போத்தல்களோடு போனோம். சந்தியில் இறங்கிப் பிரிந்தோம். உனக்கு வயற்கரை வீடுகள், எனக்குக் கோயில் ஒழுங்கை. நான் ஒவ்வொரு வீட்டு வாசல் படலையிலும் நின்று, "அம்மா, பரிசோதனைக்கு உங்கட கிணத்துத் தண்ணி கொஞ்சம் வேணும்" என்று கேட்டேன். என்ன மரியாதை, என்ன பண்பு! ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. "வாங்கோ பிள்ளை, உள்ளுக்கு வந்து இருங்கோ" என்றார்கள். நாய்க்கும் சேற்றுக்கும் பயந்து நான் படலைக்கு வெளியிலேயே நின்றேன். போத்தலை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள், கழுத்துவரை நிரப்பி, வெளிப்புறத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்துக் கொண்டுவந்து தந்தார்கள். பன்னிரண்டையும் பத்து மணிக்குள் முடித்தேன். ஒவ்வொன்றிலும் இலக்கம் ஒட்டி, வீட்டுக்காரர் பெயர் எழுதி, வரிசையாக அடுக்கிச் சந்தி மரத்தடியில் உட்கார்ந்தேன்.

நீ வந்தபோது இரண்டு மணி. பாவாடைக் கரை முழுக்கச் சேறு, தலை ஈரம், கையில் யாரோ தந்த மாங்காய்ப் பை.

"எங்கையடி போனனீ?" என்று கேட்டேன்.

"ஒரு வீட்டில குளிக்கச் சொல்லிச்சினம். குளிச்சிட்டு வாறன்" என்றாய்.

ஆராய்ச்சிக்கு வந்த இடத்தில் குளித்துவிட்டு வருகிறவளை நினைத்து எனக்குச் சிரிப்பாக இருந்தது. இவள் பிடிபடுவாள், சேர் தன் தெரிவை நினைத்துத் தலையில் கைவைப்பார் என்று நினைத்தேன். நினைக்க நினைக்க இனித்தது.

திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். பையைத் திறந்ததும் ஆமிக்காரனின் முகம் மாறிவிட்டது. இருபத்துநான்கு போத்தல் தண்ணீரை யார் பஸ்ஸில் கொண்டுபோவார்கள்? கல்லூரிக் கடிதத்தை நீட்டினேன், அவன் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். குடித்துக் காட்டுங்கள் என்று கையால் காட்டினான். ஒன்றை அல்ல, எல்லாவற்றையும். நான் பின்னால் ஒதுங்கினேன். நீதான், "விடு, நான் குடிக்கிறன்" என்று முன்னால் போனாய். தண்ணீர் பழுதாகாதபடி ஒவ்வொரு போத்தலிலிருந்தும் உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி உறிஞ்சினாய். உன் போத்தல்களைக் குடிக்கும்போது உன் முகம் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு விதமாகக் கோணியது, பஸ்ஸுக்குள் இருந்த சனம் சிரித்தது, ஆமிக்காரனும் சிரித்தான். என் போத்தல்களுக்கு வந்தபோது உன் முகம் கோணவில்லை. மூன்றாவதில் நிறுத்தி என்னைப் பார்த்தாய். பிறகு மிச்சத்தை ஒன்றன்பின் ஒன்றாகக் குடித்தாய்.

பஸ் வெளிக்கிட்ட பிறகு மெல்லக் கேட்டாய். "எடி, நீ வாளி விட்டு அள்ளினனியோ?"

"ஏன்?"

"உன்ர பன்னிரண்டும் ஒரு கிணத்துத் தண்ணியடி."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "உன்ர நாக்கென்ன அளவியோ?" என்று கேட்டேன். நீ யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

திங்கட்கிழமை நான் உனக்கு முதல் போய் அளவியைப் பிடித்துக்கொண்டேன். பன்னிரண்டு போத்தல், ஒவ்வொன்றையும் மூன்று தரம் செய்தேன். மஞ்சள் கரைசல் செங்கல் நிறத்துக்கு மாறுகிற அந்தக் கணத்தில் குழாயைப் பூட்ட வேண்டும். என் கை ஒருமுறைகூடத் தவறவில்லை. பன்னிரண்டுக்கும் விடை ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. அதை என் திறமை என்று நினைத்தேன், எவ்வளவு மடைச்சி பார்! சேர் கொப்பியைப் பார்த்துவிட்டு, "நல்ல சுத்தமான கை பிள்ளை" என்றார். அந்த ஒரு கிழமை நான் நிலத்தில் நடக்கவில்லை. என் விரல்களும் கறுத்திருந்தன. கன்ரீனில் கையை மேசைமேல் வைத்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த சனிக்கிழமை நீ என்னிடம் சொல்லாமல் தனியே போனாய். திங்கள் காலை என் முன்னால் பன்னிரண்டு போத்தல்களை வைத்தாய். என் கோயில் ஒழுங்கையின் அதே பன்னிரண்டு வீடுகள், என் எழுத்தைப் பார்த்து எழுதிய அதே இலக்கங்கள். சேருக்கு முன்னால் வைத்திருக்கலாம். என் முன்னால்தான் வைத்தாய்.

"நீயே செய்து பார்" என்றாய்.

செய்தேன். முதல் போத்தலுக்கு வெள்ளி நைத்திரேற்று சொட்டுச் சொட்டாய் இறங்கிக்கொண்டே இருந்தது, நிறம் மாறவில்லை. அளவியை இரண்டாம் தரம் நிரப்ப வேண்டி வந்தது. இரண்டாவது போத்தல் வேறு விடை, மூன்றாவது அதிலும் வேறு. ஐந்தாவதோடு என் பழைய கணக்குகளை மூடி வைத்தேன். நீ பக்கத்தில் கதிரையில் இருந்து மாங்காய் தின்றுகொண்டே சொன்னாய்.

"அந்த ஒழுங்கையில கோயில் கிணறு ஒண்டுதானடி நல்ல தண்ணி. விடியக்காலமை எல்லாரும் அதில அள்ளிக் குடத்தில வைப்பினம். வீட்டுக் கிணறு குளிக்க, கழுவத்தான். படலையில வந்து தண்ணி கேக்கிற பிள்ளைக்கு ஆர் சவர்த் தண்ணி குடுப்பினம்? குடத்துத் தண்ணிதான் தருவினம். எங்கட அம்மாவும் அதைத்தான் செய்வா."

"பரிசோதனைக்கெண்டு சொல்லித்தானே கேட்டனான்!"

"அதுக்குத்தான் இன்னும் நல்லாப் பாத்து ஊத்தியிருப்பினம். மினக்கெட்டு வந்த பிள்ளை, சோதினையில பெயிலாகக் கூடாதெண்டு."

அதனால்தான் நீ உள்ளே போனாய், கதைத்தாய், முகம் கழுவக் கேட்டாய், குளிக்கக் கேட்டாய். கிணற்றடிக்குப் போய் உன் கையால் வாளியை விட அதுதான் வழி. எந்தப் புத்தகத்திலும் இல்லாத அந்த முறை உனக்குத் தெரிந்திருந்தது, குழாய்த் தண்ணீரில் வளர்ந்த எனக்குத் தெரியவில்லை. அந்த நிமிடம் உன்னை நான் வெறுத்தேன். மாங்காயை நீட்டினாய், வேண்டாம் என்றேன்.

ஏழாவது போத்தலில் வெள்ளி நைத்திரேற்று முடிந்துபோனது. அதுதான் பெரிய வினை. அந்தக் காலத்தில் வவுனியாவுக்கு இரசாயனப் பொருள் ஒன்று வருவதென்றால் எத்தனை கடிதம், எத்தனை அனுமதி. ஒரு கோயில் கிணற்றை முப்பத்தாறு தரம் அளந்து நான் அதைத் தீர்த்திருந்தேன். இனி மறைக்க முடியாது. சேரின் அறைக்கு இருவரும் போனோம். வாசலில் வைத்து நான் சொல்வதா, நீ சொல்வதா என்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை, நீ திறந்தாய்.

"சேர், முதல்தரம் நாங்கள் குடத்துத் தண்ணியை எடுத்துப்போட்டம். மருந்து முடிஞ்சுது."

'நாங்கள்' என்றாய். சேர் எழுந்து நின்று பேசினார். அவ்வளவு கோபத்தை அவரிடம் நான் அதற்கு முன் கண்டதில்லை. எல்லாம் உனக்குத்தான், பொறுப்பு உன்னுடையது என்று. "இதுக்கோ உம்மை எடுத்தனான்?" என்று கேட்டார். நீ தலையைக் குனிந்து நின்றாய். 'இல்லை சேர், அது நான்' என்று சொல்ல எனக்கு நாலு சொல் போதும். என் கொப்பி சேரின் மேசையில் திறந்து கிடந்தது, என் எழுத்துத்தான் அதில் இருந்தது. அவர் பார்த்திருக்க வேண்டும். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டுகிற அளவுக்குக்கூட நான் அங்கே ஆளில்லை என்றுதான் எனக்குப் பட்டது. நீ ஏச்சு வாங்குவதைப் பார்த்தும் எனக்குப் பொறாமை வந்தது என்றால் நம்புவாயா? வந்தது.

மருந்து வந்து சேர மாரி பிறந்துவிட்டது. பிறகு எல்லாம் உன் முறைப்படி நடந்தது. நானும் படலைக்குள் போகப் பழகினேன், நாயைத் தாண்டப் பழகினேன், வாளி விடப் பழகினேன். ஆனால் பெண்கள் உன்னிடம் சொல்கிற கதையை என்னிடம் சொல்லவில்லை. வருட முடிவில் கல்லூரி மண்டபத்தில் நீ ஆராய்ச்சியை வாசித்தாய். பெரிய பெரிய ஆள்கள் வெளியூரிலிருந்து வந்திருந்தார்கள். அட்டவணை எல்லாம் நான் கீறியது, ஒரு கோடு வளையவில்லை. ஒருவர் எழுந்து, "முதல் கிழமைத் தரவில் பன்னிரண்டு கிணறு ஏன் இல்லை?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ சிரித்துக்கொண்டே குடத்துக் கதையைச் சொன்னாய். அதே 'நாங்கள்'தான். மண்டபம் சிரித்தது, பிறகு கைதட்டியது. வந்தவர்களில் மூத்தவர், இந்த அறிக்கையிலேயே மிகவும் பயனுள்ள பகுதி அந்தப் பிழைதான், அதைக் கட்டாயம் எழுதிச் சேருங்கள் என்றார். என் பிழையிலும் பெயர் எடுத்தவள் நீ. அறிக்கையின் அட்டையில் உன் பெயர் மேலே, என் பெயர் கீழே. அந்தப் பிரதி இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது.

சமாதானம் வந்து பாதை திறந்ததும் நீ உன் கரைக்குத் திரும்பிப் போய்ப் படிப்பித்தாய். நான் இங்கே வவுனியாவில் படிப்பித்தேன். பெருநாளுக்கு நீ கருவாடு அனுப்புவாய், பொங்கலுக்கு நான் பலகாரம் அனுப்புவேன். கடைசிச் சண்டை முழுவதையும் நீ உயிரோடு தாண்டி வந்தாய். போன வருடம் ஒரு டெங்கு நுளம்புக் காய்ச்சலில் ஐந்து நாளில் போய்விட்டாய். செத்தவீட்டுக்கு நான் வந்தேன். மாதா கோயில் வாசலிலிருந்து சேமக்காலைக் குழிவரை பிள்ளைகள், வளர்ந்த பிள்ளைகள், பிள்ளை தூக்கிய பிள்ளைகள். நான் செத்தால் இதில் கால்வாசி வருமா என்று உன் பெட்டிக்குப் பின்னால் நடந்துகொண்டே கணக்குப் பார்த்தேன். அப்படியும் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

சேமக்காலையில் ஓர் இளம்பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். உன்னிடம் படித்தவள், இப்போது தண்ணீர் பரிசோதிக்கிற வேலையில் இருக்கிறாளாம்.

"நீங்கள் ரீச்சரோட கம்பசில ஆராய்ச்சி செய்தனீங்களாமே" என்றாள். "ரீச்சர் முதல் பாடத்திலேயே அந்தக் கதையைச் சொல்லுவா. தான் படலைக்கு வெளியில நிண்டு குடத்துத் தண்ணியை வாங்கிப் பன்னிரண்டு போத்தல் நிரப்பினதாம், தான்தான் மருந்து முழுக்க வீணாக்கினதாம். கூட இருந்த சிநேகிதிதான் தன்னைக் காப்பாத்தினதெண்டு சொல்லுவா. அது நீங்கள்தானே?"

நான் அவளைப் பார்த்தேன். உன் குழிக்கு மண் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஓம்" என்றேன்.

உனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை, ஆனால் கேள். நானும் இங்கே என் பிள்ளைகளுக்கு வருடா வருடம் அந்தக் கதையைச் சொல்கிறேன். 'என்ர சிநேகிதி ஒருத்தி, கரைப் பக்கத்துப் பிள்ளை, நாய்க்குப் பயத்தில படலைக்கு வெளியிலேயே நிண்டாளாம்' என்றுதான் தொடங்குவேன். நீ நாய்க்குப் பயப்பட்டவளா? இருபது வருடமாக ஒரே பொய்யை நீ அங்கேயிருந்தும் நான் இங்கேயிருந்தும் சொல்லியிருக்கிறோம். நீ சொன்னது எனக்காக, நான் சொன்னதும் எனக்காகத்தான்.

அந்த ஆராய்ச்சியில் நாக்கு உன்னுடையது, கிணறுகள் உன்னுடையவை, ஏச்சும் கைதட்டலும் உன்னுடையவை. அந்தப் பிழை ஒன்றுதான் முழுக்க முழுக்க என்னுடையது. அதையும் நீ கேளாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டாய். எடுத்துக்கொண்டு போ என்று உன் கையில் திணித்தவளும் நான்தான். செத்தவீட்டால் வந்த நாளிலிருந்து அதைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். போன கிழமை புதிய வகுப்புக்கு அந்தப் பாடம் வந்தது. சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, 'நான்' என்று தொடங்கத்தான் வாயைத் திறந்தேன். 'என்ர சிநேகிதி ஒருத்தி' என்று வந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசி வாங்கில் இருந்த ஒருத்தி, "மிஸ், அவா நல்ல ஆள் போல" என்றாள். அதற்கும் எனக்கு வயிறு எரிந்தது.